சதுப்போரக் காணியில் வீடு: மலசலகூடக் குழியை எங்கே தோண்டுவது?

தேயிலைப்பூ (மார்ச் 2)

வணக்கம். மலைநாட்டில் நோர்வூட் பக்கத்தில் 15 பேர்ச் காணி வாங்கியிருக்கிறேன். அகலம் 50 அடி, நீளம் ஏறக்குறைய 80 அடி. முன்பக்கம் பாதை, பின்பக்கம் மெல்லச் சரிந்து ஒரு சதுப்பில் போய் முடிகிறது. பெப்ரவரியில் பார்த்தபோது அது வெறும் புல்வெளி போலத்தான் இருந்தது. போன வாரம் இரண்டு நாள் மழை பெய்ததும் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது.

வீட்டுக்குப் பின்னால் சீமெந்து வளையம் போட்டு எட்டடி ஆழத்தில் குழி வெட்டலாம் என்கிறார் மேசன். குழியிலிருந்து சதுப்பு 40 அடி. சதுப்புக்குக் கீழே ஒரு பீலி இருக்கிறது. ஐந்து வீட்டார் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். எனக்கும் ஒரு கிணறு வெட்டும் எண்ணம் உண்டு. எதை எங்கே வைப்பது? பாடசாலை வேலை, அம்மாவின் மருந்து, வங்கிக் கடன் என்று ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு தடவைதான் கட்ட முடியும். தப்பினால் திருத்தப் பணம் கிடையாது.

பழைய பாஸ் (மார்ச் 2)

டீச்சர், முப்பது வருடம் இந்த வேலையில்தான் இருந்தேன். வளையக் குழி காய்ந்த மேட்டுக்குச் சரி. சதுப்போரத்தில் எட்டடி தோண்டினால் குழியிலிருந்து தண்ணீர் வெளியே போகாது, வெளித் தண்ணீர்தான் குழிக்குள் வரும். அதைக் குழி என்று சொல்லக்கூடாது. மூடி போட்ட கிணறு அது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஈரக் காணி ஒன்றில் பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தோம். ஆனி மாத மழையில் வீட்டுக்காரர் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் பிடித்திருக்கிறார். தொட்டி காலியானது. மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டி தரைக்கு மேலே முக்கால் அடி எழும்பி நிற்கிறது, குழாயெல்லாம் முறிந்துவிட்டது. வீட்டுக்காரர் பேய் என்றார். பேயும் இல்லை பிசாசும் இல்லை, கீழிருந்த தண்ணீர் தள்ளியிருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி உயரத் தொட்டியைத் தண்ணீர் இரண்டரைத் தொன் பலத்தோடு மேலே தூக்கும். ஈர நிலத்தில் அடியில் கனமான கொங்கிரீட் தட்டு போட்டுத் தொட்டியை அதோடு பிணைக்க வேண்டும். மழைக்காலத்தில் முழுவதுமாகக் காலி செய்யவும் கூடாது.

நாவலப்பிட்டியான் (மார்ச் 3)

வீணாகப் பயமுறுத்தாதீர்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டால் போதும், யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 40 அடிதான். இருபது வருடமாகக் குடிக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊற்றுக்கண் (மார்ச் 3)

நாவலப்பிட்டித் தம்பிக்குக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது. சுகாதாரத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அதனால் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 50 அடி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மலக்கிருமிகள் மண்ணுக்குள் மெல்ல நகர்கின்றன. நகரும் வழியில் மண்ணில் ஒட்டுகின்றன, பசியால் சாகின்றன. அவை சாகப் போதிய காலம் கொடுப்பதுதான் நோக்கம். ஐரோப்பாவில் பல நாடுகளில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றிய காவல் எல்லையை 50 நாள் என்று கணக்கிடுகிறார்கள்: நிலத்தடி நீர் எல்லையிலிருந்து கிணற்றுக்கு வந்து சேர 50 நாளாவது பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் எண்ண வேண்டியது நாளை. அடி என்பது அந்த நாளை நாடாவால் அளக்க ஒரு குறுக்கு வழி. இறுகிய செம்மண்ணில் 50 அடி பல மாதப் பயணமாகலாம். வெடிப்புள்ள பாறையிலோ, வேர் அழுகி விட்ட துளை வழியாகவோ அதே 50 அடி ஒரே இரவில் முடிந்துவிடலாம்.

இரண்டாவது, திசை. உங்கள் குழி கிணற்றுக்குக் கீழே இருந்தால் 40 அடியிலும் தப்பலாம். கிணற்றுக்கு நேர் மேலே இருந்தால் 80 அடியும் போதாமல் போகலாம். மலையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் தரையின் சரிவையே பின்பற்றும். பீலிக்காரர்கள் எல்லாம் டீச்சரின் காணிக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது, குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் இருக்கும் காய்ந்த மண். கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அந்தக் காற்றோட்டமுள்ள மண்தான். அகதி முகாம்களுக்காக உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமங்கள் நீர்நிலைக்கும் குழிக்கும் 30 மீட்டர் கேட்கின்றன. அதோடு குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கின்றன. அவசரத்தில் கூடாரம் அடிக்கும் இடத்துக்கே அவ்வளவு. நாம் நிரந்தர வீடு கட்டுகிறோம்.

"ஒன்றும் ஆகவில்லை" என்பது எப்படித் தெரியும், தம்பி? பரிசோதித்தீர்களா? நம் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 இன்படி 100 மில்லிலீட்டரில் மலக்கிருமியான ஈ.கோலை ஒன்று கூட இருக்கக்கூடாது. நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2007 இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாவலப்பிட்டியிலிருந்து அது எத்தனை கட்டை?

ஏழு பேர்ச் (மார்ச் 3)

டீச்சருக்கு 15 பேர்ச் இருக்கிறது, கொடுத்து வைத்தவர். தோட்டத்தில் எங்களுக்குத் தந்தது 7 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி என்றால் மொத்தம் 1,900 சொச்சம். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 44 அடி கூட இல்லை. அதற்குள் 550 சதுர அடி வீடு. 50 அடி இடைவெளியை எங்கே போய்த் தேடுவது? பக்கத்துக் காணிக்குள்தான். என் குழிக்குக் கீழ்வீட்டான் கிணறு, அவன் குழிக்கு அடுத்தவன் ஊற்று. லயத்தில் இருந்தபோது பொதுக் கக்கூஸ் தூரத்தில் நாறியது. இப்போது வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது, மலை முழுக்க நூறு குழி. தனி வீடு வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், அதில் மாற்றமில்லை. ஆனால் வரிசையாக வீடு கட்டும்போது எல்லாக் கழிவையும் ஒரு குழாயில் சேர்த்துக் கீழே ஓரிடத்தில் சுத்திகரிக்க எவருக்கும் தோன்றவில்லையே என்ற ஆத்திரம் மட்டும் போகவில்லை.

தேயிலைப்பூ (மார்ச் 4)

ஊற்றுக்கண் ஐயாவுக்கு நன்றி. ஆழமாகக் குழாய்க் கிணறு அடித்துவிட்டால் மேல் மண்ணின் அழுக்கு அங்கே வராதல்லவா? அப்படியென்றால் என் குடிநீர்ப் பிரச்சினையாவது தீரும்.

பண்டாரவளை வாசி (மார்ச் 4)

அந்த நம்பிக்கையை எங்கள் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். மலைநாட்டில் அடியில் இருப்பது பழைய உருமாறிய பாறை. மணல் படுகை போல எங்கும் தண்ணீர் பரவியிருக்காது. மேலே உக்கிய மண்ணில் ஒரு நீர், கீழே பாறை வெடிப்புகளில் ஒரு நீர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தோம். உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டும்போது 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் பீறிட்டது. மேலே எங்கள் பக்கத்துக் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. மலையின் வயிற்றில் போட்ட துளை, கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனது. மேலிருந்து நல்ல தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக இறங்க முடியும் என்றால் கெட்ட தண்ணீர் இறங்காதா? குழாய்க் கிணறு அடிக்கத்தான் வேண்டும் என்றால் மேற்பகுதியில் உறைக்குழாயைச் சுற்றிச் சீமெந்துக் குழம்பு ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். அடிப்பவர்கள் பலர் அதை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நாவலப்பிட்டியான் (மார்ச் 4)

சரி ஐயா, தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கிறேன். ஆனால் கொதிக்க வைத்துக் குடித்தால் தீர்ந்தது, இதற்கு இத்தனை பக்கமா?

ஊற்றுக்கண் (மார்ச் 4)

கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் அது விளையாட்டில்லை.

மண்புழு (மார்ச் 5)

டீச்சர், ஆட்களின் சொல்லை விடுங்கள், மண்ணையே கேளுங்கள். குழி வர வேண்டிய இடத்தில் மண்வெட்டியால் நான்கடி தோண்டிப் பாருங்கள். செம்மண்ணோ பழுப்பு மண்ணோ ஒரே நிறமாக வந்தால் அங்கே காற்று போகிறது. சாம்பல் நிறக் களி வந்து, அதில் துருப்பிடித்த ஆணியைத் தேய்த்தது போலச் செம்புள்ளிகள் இருந்தால், வருடத்தில் சில மாதம் அந்த உயரம் வரை தண்ணீர் நிற்கிறது என்று பொருள். நீர் நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நிறமிழக்கிறது, நீர் வடியும்போது வேர்த்துளைகளில் துருவாகப் படிகிறது. நீங்கள் கோடையில் தோண்டினாலும் மண் மழைக்காலத்தை மறக்காது. புள்ளி தொடங்கும் ஆழம்தான் உங்கள் மழைக்கால நீர்மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வளர்வதையும் கவனியுங்கள். கோரையும் காட்டுச் சேம்பும் தாமாக முளைத்த இடத்தில் குழி வேண்டாம்.

காணி வாங்கும் மாதமும் ஒரு விஷயம். ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். அந்தப் பக்கக் காணியை பெப்ரவரியில் பார்ப்பது, கல்யாண வீட்டில் பெண் பார்ப்பது மாதிரி. பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் ஆடியில் ஏமாறுவார்கள், அங்கே மழை வடகீழ்ப் பருவத்தில்.

தேயிலைப்பூ (மார்ச் 9)

தோண்டினேன். நானும் தம்பியும்.

மேசன் காட்டிய இடத்தில் ஒன்றேகால் அடிவரை கறுப்பு மண், அதற்குக் கீழே சாம்பல் களி, மண்புழு சொன்ன அதே துருப் புள்ளிகள். இரண்டரை அடியில் தண்ணீர் கசிந்தது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் குழியில் அரைச்சாண் தண்ணீர். இது மார்ச் மாதம்.

சும்மா இருக்க மனமில்லாமல் பாதையோரம் வடக்கு மூலையில் இன்னொன்று தோண்டினோம். அங்கே தரை சின்ன மேடாக இருக்கிறது. ஆறடி வரை செம்மண்தான், ஈரம் கூட இல்லை. அங்கிருந்து சதுப்பு ஏறக்குறைய 75 அடி. ஆனால் அது வாசல் மூலை! வாசலில் கக்கூஸ் குழி வைத்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

பழைய பாஸ் (மார்ச் 9)

காணி உறுதிப் பத்திரத்தைப் பாருங்கள், காணியின் பழைய பெயர் என்ன?

தேயிலைப்பூ (மார்ச் 9)

ஒரு சிங்களப் பெயர், முடிவில் "தெனிய" என்று வருகிறது. ஏன்?

பழைய பாஸ் (மார்ச் 9)

அப்படிப் போடுங்கள். தெனிய என்றால் இரண்டு மேட்டுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய ஈரப் பள்ளம். கும்புர என்றால் வயல். ஓவிட்ட என்றால் வயலை ஒட்டிய சற்று உயர்ந்த நிலம். ஹேன, வத்த என்று முடிந்தால் பெரும்பாலும் காய்ந்த மேடு. பேராதனையும் ஒரு தெனியதான், பேராதெனிய என்று அதன் சிங்களப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் காலத்தவர்கள் நிலத்தின் குணத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நாம் உறுதியில் பேர்ச் கணக்கை மட்டும் வாசிக்கிறோம்.

மண்புழு (மார்ச் 10)

வயலாகப் பதிவான நிலம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பிக் கட்டக்கூடாது. கமநல நிலையத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். நில அளவைப் படத்தில் ஓடைக்கான ஒதுக்கு குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தத் துண்டு உங்களுடையதாக இருக்காது.

வடக்கு மூலையில் நீர் இறங்கும் வேகத்தையும் அளக்க வேண்டும். ஓரடி அகலத்தில், கழிவுநீர் விட நினைக்கும் ஆழத்துக்கு ஒரு குழி. சுவரைக் கத்தியால் கீறி விடுங்கள், அடியில் இரண்டு அங்குலம் சல்லி. முதல் நாள் இரவு தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். காலையில் சல்லிக்கு மேல் ஆறு அங்குலம் நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தால் உறிஞ்சுகுழி அங்கே உதவாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் சந்தோஷப்படாதீர்கள், அது வடிகட்டாமல் ஓடுகிறது.

கொஸ்லந்தைக்காரன் (மார்ச் 10)

ஒரு வார்த்தை. எல்லாரும் கிணற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தவில் மலை இறங்கியதைப் பார்த்த ஊர்க்காரன் நான். குழியில் ஊற்றும் தண்ணீர் சரிவுக்குள்தான் போகிறது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண் வெட்டிவிட்டு, வெட்டின் தலையில் உறிஞ்சுகுழி வைப்பவர்களை இன்றும் காண்கிறேன். ஒரு குடும்பம் நாளுக்கு நூற்றுக்கணக்கான லீட்டரை அந்த மண்ணுக்குள் விடுகிறது, மழை இல்லாத நாளிலும். நுவரெலியா மாவட்டத்தில் கட்டட விண்ணப்பத்தோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அதைக் கடதாசி வேலை என்று நினைக்காமல், வரும் அதிகாரியிடம் குழியின் இடத்தையும் காட்டிக் கேளுங்கள்.

தேயிலைப்பூ (மார்ச் 15)

வடக்கு மூலையில் ஓர் அங்குலம் இறங்க 14 நிமிடம். மூன்று தடவை பார்த்தோம். வீட்டுக்கு மண்வெட்டு இல்லை, கருங்கல் அடித்தளத்தில் எழுப்புகிறோம். மேடு வீட்டுக்கு நேர் மேலே இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது.

இன்னொரு செய்தி. ஊற்றுக்கண் ஐயா சொன்னபடி பீலித் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஈ.கோலை இருக்கிறது. நான் ஒரு செங்கல் கூட வைக்கவில்லை, ஏற்கனவே இருக்கிறது. சதுப்புக்கு மறுகரையில் மேலே எட்டு வீடு, எல்லாம் வளையக் குழி.

நாவலப்பிட்டியான் (மார்ச் 15)

பிறகென்ன? ஏற்கனவே கெட்ட தண்ணீர். நீங்கள் மட்டும் பணத்தைக் கொட்டி என்ன ஆகப் போகிறது? (என் கிணற்று முடிவு இன்னும் வரவில்லை.)

ஊற்றுக்கண் (மார்ச் 16)

சதுப்பு ஒரு வடிகட்டி. கோரை வேரும் களியும் நுண்ணுயிரும் சேர்ந்து வருகிற அழுக்கில் ஒரு பங்கைத் தின்கின்றன. எட்டு வீட்டைத் தாங்கி மிஞ்சியதுதான் பீலிக்கு வருகிறது. ஒன்பதாவதையும் தாங்குமா என்பதை அந்த ஐந்து வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றில் பரிசோதிக்க வேண்டாம். டீச்சர், முடிவை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுங்கள். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கட்டும். அதுவரை அவர்கள் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், கடதாசி ஒட்டினால் வாசிக்க மாட்டார்கள்.

பழைய பாஸ் (மார்ச் 16)

வேலைக்கு வருவோம். வளையக் குழியை மறந்துவிடுங்கள். இரண்டு அறையுள்ள தொட்டி, உள்ளே நீர் ஒழுகாத பூச்சு. முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. தொட்டி கழிவைச் சுத்தமாக்கிவிடும் என்று நினைப்பார்கள். அது கட்டியைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வெளியே வரும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நிறைந்தது. அந்த நீரை ஆழக் குழியில் விடாமல் இரண்டடி ஆழ வாய்க்காலில், சல்லிக்கு நடுவே துளைக் குழாய் போட்டு, சரிவுக்குக் குறுக்கே கிடையாக ஓட்டுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டுவது போல மட்டம் பார்த்து வெட்ட வேண்டும். மேலிருந்து வரும் மழைநீர் அதில் விழாமல் மேல்பக்கம் தனிக் கான். கூரைத் தண்ணீர், குளிக்கும் தண்ணீர் எதுவும் தொட்டிக்குப் போகக்கூடாது.

நம் குளிருக்குச் சேறு மெல்லத்தான் உக்கும். கொழும்புக்காரன் ஐந்து வருடம் விட்டால் நீங்கள் மூன்று வருடத்தில் திறந்து பாருங்கள்.

ஏழு பேர்ச் (மார்ச் 16)

மேடே இல்லாத எங்களுக்கு?

மண்புழு (மார்ச் 17)

மேட்டைச் செய்ய வேண்டும், தம்பி. தரைக்கு மேலே இரண்டு மூன்று அடிக்கு மணல் கலந்த மண் கொட்டி அதற்குள் துளைக் குழாய் ஓட்டலாம். அதற்கும் இடமில்லையென்றால், தொட்டிக்குப் பின்னால் அடியில் ஒழுகாத சல்லிப் படுக்கை ஒன்று கட்டி, அதில் கல்வாழையும் கோரையும் நட்டு நீரை அதன் வழியாக மெல்ல விடலாம். இரண்டும் தனியாளுக்குச் செலவுதான். நான்கைந்து வீடு சேர்ந்தால் தலைக்குக் குறையும். நீர் கலக்காத உலர் மலசலகூடம் என்று ஒன்றும் இருக்கிறது, சாம்பல் தூவிப் பயன்படுத்துவது. சதுப்பு நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அதை என் வீட்டிலேயே சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதால் வற்புறுத்த மாட்டேன்.

நாவலப்பிட்டியான் (ஏப்ரல் 2)

முடிவு வந்தது. ஈ.கோலை இருக்கிறது. பாஸ் அண்ணன், உங்களோடு தனியாகப் பேச வேண்டும்.

தேயிலைப்பூ (யூன் 21)

நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். அடித்தளம் முடிந்தது. பிரதேச சபை அனுமதியும் மண்சரிவு அறிக்கையும் கிடைத்தன. மலசலகூடத்தை வீட்டின் முன்பக்க வடக்கு மூலைக்கு மாற்றி வரைபடத்தைத் திருத்தினோம். தொட்டியும் வாய்க்காலும் மேட்டில். மூன்று வாரமாக மழை விடவில்லை. சதுப்பு மேசன் காட்டிய இடத்தையும் தாண்டி வந்து நிற்கிறது. அங்கே எட்டடிக் குழி இருந்திருந்தால் இன்று அதன் மூடி தண்ணீருக்குள். மேட்டில் சோதனைக்கு விட்டிருந்த குழாயில் இன்று காலை நீர்மட்டம் ஐந்தே கால் அடி ஆழத்தில். வாய்க்காலின் அடிக்குக் கீழே மூன்றடிக்கு மேல் காய்ந்த மண். ஸ்பியர் கேட்ட 1.5 மீட்டர் இல்லை, ஆனால் இந்தக் காணியில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

கிணறு வெட்டவில்லை. பீலிக்காரர்களோடு சேர்ந்து மேலே தேயிலைக்கு மேலுள்ள காட்டோர ஊற்றிலிருந்து குழாய் இழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் வீடு ஒன்றும் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அம்மா சம்மதித்தது கலிபவுசரால்தான் (தொட்டிக் கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி). பாதையோரம் என்பதால் பவுசரின் குழாய் தொட்டி வரை எட்டும், பின்னால் வைத்திருந்தால் வாளியில் அள்ள வேண்டியிருக்கும் என்று பாஸ் அண்ணன் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை சொன்னார். ஆனால் அந்த மூலை கண்ணில் படாமல் இருக்க வாசலைக் கிழக்கே திருப்ப வேண்டுமாம். நாளைக்கு வாஸ்து பார்ப்பவர் வருகிறார்.